மதகு திறக்கும் நேரம் ஆற்றில் இருப்பவருக்குத் தெரிய வேண்டும்

மேட்டூர் அணையின் நீர்மட்டம், நீர்வரத்து, நீர் இருப்பு, வெளியேற்றம் ஆகிய நான்கு எண்களைக் காலையில் நாளிதழைப் பிரித்ததும் தேடுகிறவர்கள் காவிரிக் கரை ஊர்களில் இன்றும் ஏராளம். அந்த எண்களை வைத்துத்தான் டெல்டா விவசாயி நாற்றங்கால் விடும் நாளைக் கணக்கிடுகிறார். குறுவை போடலாமா, ஒருபோகச் சம்பாவோடு நிறுத்திக்கொள்ளலாமா என்று முடிவெடுக்கிறார். இதே எண்களை நம்பி ஒருவர் மேட்டூருக்குக் கீழே கயாக் படகை இறக்கி, பவானி, கொடுமுடி, முசிறி, ஸ்ரீரங்கம், திருவையாறு, கும்பகோணம் என்று துடுப்பு போட்டுக்கொண்டே போய்ப் பூம்புகாரில் கரையேறத் திட்டமிட முடியுமா? 300 கிலோமீட்டருக்கு மேல் நீளும் பாதை அது. நாளொன்றுக்கு 25 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால் ஏறக்குறைய இரண்டு வாரம் ஆகும். பயிற்சியும் உடல் வலுவும் உள்ளவருக்கு எட்டாத தூரம் அல்ல. ஆனாலும் இன்றைக்கு அப்படியொரு பயணத்தைப் பொறுப்போடு திட்டமிட வழியில்லை. எந்தக் கதவணையில் அடுத்த சில மணி நேரத்தில் எவ்வளவு தண்ணீர் திறக்கப் போகிறார்கள் என்பதை ஆற்றில் இருப்பவருக்குச் சொல்லும் ஏற்பாடு நம்மிடம் இல்லை. அந்த ஏற்பாடு வேண்டும், அதைத் திருச்சியில் தொடங்க வேண்டும் என்பதே என் வாதம். அதனால் பயன்பெறப் போகிறவர்களில் படகுக்காரர்கள் ஒரு சிறு பகுதிதான்.

வரைபடத்தில் பார்ப்பவருக்குக் காவிரி ஒரே நீலக்கோடாகத் தெரியும். படகில் இறங்குகிறவருக்கோ, ஒரு கதவணைக்கும் அடுத்த கதவணைக்கும் நடுவே தேங்கியும் ஓடியும் கிடக்கிற பல துண்டுகள் அது. மேட்டூருக்குக் கீழே செக்கானூர், நெரிஞ்சிப்பேட்டை, கோனேரிப்பட்டி, ஊராட்சிக்கோட்டை என்று நீர்மின் கதவணைகள் வரிசையாக நிற்கின்றன. ஈரோட்டை ஒட்டிப் பவானிக் கட்டளைக் கதவணைகள் வருகின்றன. பிறகு ஜேடர்பாளையம் அணைக்கட்டு, கரூர் மாவட்டத்தில் மாயனூர் கதவணை, திருச்சிக்கு மேற்கே முக்கொம்பு, கிழக்கே கல்லணை. கல்லணையைத் தாண்டிய காவிரி பெரிய பாசன வாய்க்காலாகவே நிர்வகிக்கப்படுகிறது. பூம்புகாருக்கு முன்னால் மேலையூர் கடையணையில்தான் அந்த நிர்வாகம் முடிகிறது. நடுவில் கூட்டுக் குடிநீர்த் திட்டங்களின் நீரேற்றுக் கிணறுகளும், ஆகாயத்தாமரை மண்டிய தேக்கங்களும், மணல் அள்ளிய பள்ளங்களும் உண்டு. சேலம், ஈரோடு, நாமக்கல், கரூர், திருச்சி, தஞ்சாவூர், மயிலாடுதுறை என்று 7 மாவட்ட நிர்வாகங்கள். பாசனக் கதவணைகள் நீர்வளத் துறையிடம், மின்சாரக் கதவணைகள் மின்வாரியத்திடம். கயாக்கில் போகிறவர் ஒவ்வொரு கதவணையிலும் கரையேறி, படகைத் தோளில் சுமந்து, மறுபக்கம் இறக்கியாக வேண்டும். எங்கே கரையேறலாம், எந்தப் பக்கம் பாதை இருக்கிறது, எந்தக் கரை கருங்கல் சுவரோடு செங்குத்தாக நிற்கிறது என்பதற்கு ஒரு பலகைகூடக் கிடையாது.

பாதையை விசாரித்துத் தெரிந்துகொள்ளலாம். தண்ணீரின் நேரத்தை அப்படித் தெரிந்துகொள்ள முடியாது. ஜூன் 12 மேட்டூரைப் பாசனத்துக்குத் திறக்கும் வழக்கமான நாள். ஜனவரி 28 அடைக்கும் நாள். அணையில் இருப்பைப் பொறுத்து இந்தத் தேதிகள் மாறும். 2022இல் மே 24ஆம் தேதியே திறந்தார்கள். 2024இல் ஜூலை 28 வரை காத்திருக்க நேர்ந்தது. 2021இலும் 2023இலும் ஜூன் 12இல் மேட்டூரைத் திறந்தபோது கல்லணை திறக்கப்பட்டது ஜூன் 16இல். காய்ந்து கிடக்கும் மணற்படுகையை நனைத்துக்கொண்டு வருகிற தண்ணீருக்கே மூன்று நான்கு நாள்தான் பிடிக்கிறது. நிறைந்து ஓடும் ஆற்றில் இன்னும் விரைவாக வந்துவிடும். அதே தூரத்தைக் கயாக்கில் கடக்க எட்டு நாள் ஆகும். ஆக, காவிரியில் தண்ணீர் படகை விட வேகமாகப் போகிறது. திங்கட்கிழமை மேட்டூரில் புறப்பட்டவரை, வியாழக்கிழமை திறந்துவிட்ட தண்ணீர் வார இறுதிக்குள் கொடுமுடிப் பக்கம் எட்டிப் பிடித்துவிடும். புறப்பட்ட நாளின் வெளியேற்ற அளவைப் பார்த்துப் போட்ட திட்டம் அந்த இடத்தில் பொய்த்துப் போகிறது. போதாததற்கு, மேட்டூர் எண் வழியெங்கும் மாறிக்கொண்டே வருகிறது. கிழக்கு, மேற்குக் கரைக் கால்வாய்கள் தம் பங்கைப் பிரித்துக்கொள்கின்றன. பவானி கூடுதுறையில் பவானியும், திருமுக்கூடலூரில் அமராவதியும் தம் வெள்ளத்தைக் கொண்டுவந்து சேர்க்கின்றன. மேட்டூரில் ஒரு மாற்றமும் இல்லாத நாளில்கூட அமராவதி பெருகியதால் மாயனூரில் கூடுதல் மதகுகளை உயர்த்த நேரலாம்.

இதில் கவனிக்க வேண்டியது எச்சரிக்கைக்குக் கிடைக்கும் அவகாசம். மேட்டூரில் நடக்கும் மாற்றம் திருச்சியைத் தொட ஓரிரண்டு நாளாவது ஆகும். தகவல் சொல்லத் தாராளமாக நேரம் இருக்கிறது. மாயனூரில் நடப்பது ஒரு நாளுக்குள் வந்துவிடும். முக்கொம்பில் மதகு உயர்ந்தால் அடியில் இருப்பவருக்கு நிமிடக் கணக்குதான். அவகாசம் குறையக் குறைய முன்தகவலின் அவசியம் கூட வேண்டும். நடைமுறையில் இருப்பது அதற்கு நேர்மாறு. மேட்டூரின் எண் ஊருக்கெல்லாம் தெரியும். முக்கொம்பிலும் கல்லணையிலும் எந்த ஆற்றில் எவ்வளவு போனது என்பதும் நாளிதழில் வருகிறது, ஆனால் அது நடந்து முடிந்த கணக்கு. பெருவெள்ளம் என்றால் ஆட்சியரின் அறிவிப்பு வரும், தண்டோரா போடுவார்கள், வருவாய்த் துறையினர் கரையோரத் தெருக்களுக்கே போய்ச் சொல்வார்கள். அந்த ஏற்பாடு நல்லபடியாகவே நடக்கிறது. விடுபட்டுப் போவது சாதாரண நாள். 3,000 கனஅடி 8,000 ஆகிற நாளில் எந்தத் தண்டோராவும் இல்லை. கரையில் வீடு கட்டியிருப்பவருக்கு அந்த மாற்றம் ஒன்றுமில்லை. மணல்திட்டில் துணி துவைப்பவருக்கும், மாடு குளிப்பாட்டுபவருக்கும், பரிசலில் வலை போட்டிருப்பவருக்கும் அது உயிர்ப் பிரச்சினை.

இந்தச் சிக்கல் முழுவதையும் ஒரே இடத்தில் பார்க்கத் திருச்சியை விடப் பொருத்தமான ஊர் இல்லை. நகரத்துக்கு மேற்கே சுமார் 18 கிலோமீட்டரில் முக்கொம்பில் ஆறு இரண்டாகப் பிரிகிறது. வலப்பக்கம் காவிரி, இடப்பக்கம் கொள்ளிடம், நடுவில் ஸ்ரீரங்கம் தீவு. ஆர்தர் காட்டன் 1836இல் இங்கே மேலணையைக் கட்டியதன் நோக்கமே, பள்ளமான கொள்ளிடத்துக்குள் ஓடிப்போகிற தண்ணீரைத் தடுத்துக் காவிரிக்குத் திருப்புவதுதான். இன்றும் அதே ஒழுங்குதான்: பாசன நீர் காவிரிக்கு, மிஞ்சும் வெள்ளம் கொள்ளிடத்துக்கு. கொள்ளிடம் ஆண்டின் பெரும்பகுதி வெறும் மணல்வெளி. தண்ணீர் வரும்போது வெள்ளமாகவே வரும். வரைபடத்தில் அகலமாகத் தெரிகிறதே என்று கொள்ளிடத்தைத் தேர்ந்தெடுக்கும் படகுக்காரர், ஒன்று மணலில் படகை இழுத்துக்கொண்டு நடக்க வேண்டும், இல்லையென்றால் யாரும் இறங்கக் கூடாத வெள்ளத்தில் மாட்டிக்கொள்ள வேண்டும். கீழே அணைக்கரைப் பக்கம் முதலைகளும் உண்டு. 2018 ஆகஸ்டில் மேட்டூரிலிருந்து 2 லட்சம் கனஅடியைத் தொடும் அளவுக்குத் தண்ணீர் வந்தபோது கொள்ளிடத்தின் பழைய இரும்புப் பாலம் சிதைந்தது. அதே மாதம் 22ஆம் தேதி இரவு மேலணையின் கொள்ளிடப் பகுதியில் இருந்த 45 மதகுகளில் 9 உடைந்து அடித்துச் செல்லப்பட்டன. இப்போது அங்கே புதிய கதவணை நிற்கிறது. நீண்ட பயணம் போகிறவர் முக்கொம்பில் காவிரிப் பக்கம்தான் திரும்ப வேண்டும். அந்தப் பக்கம் அன்றைக்கு எவ்வளவு தண்ணீர் விடப்படும் என்பதை முக்கொம்பு மதகுகள்தான் தீர்மானிக்கின்றன.

அங்கிருந்து ஸ்ரீரங்கம் வருவதற்குள் கம்பரசம்பேட்டையில் ஒரு தடுப்பணை இருக்கிறது. நகரத்தின் குடிநீருக்குப் பயன்படும் தேக்கம் அது. இத்தகைய தாழ்ந்த தடுப்பணைகள் பெரிய அணைகளை விட ஆபத்தானவை என்பதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. பெரிய அணை தூரத்திலேயே கண்ணில் படும், இரைச்சல் காதில் விழும். தடுப்பணையை மேலிருந்து நெருங்குகிறவருக்குத் தெரிவது, ஆற்றின் குறுக்கே சமமாக நீண்டு சட்டென்று முடிகிற ஒரு நீர்க்கோடு மட்டும். அதற்கு அப்பால் ஆறு தொடர்வது போலவே தோன்றும். விளிம்பைத் தாண்டி விழும் தண்ணீர் அடியில் ஆழமாகப் பாய்ந்து, சற்றுத் தள்ளி மேலெழுந்து, மேற்பரப்பில் மறுபடியும் அணையை நோக்கித் திரும்பி வருகிறது. அதற்குள் விழுந்த கட்டையைக் கவனித்தால் தெரியும்: கீழ்நோக்கிப் போகாமல் அணையின் காலடியிலேயே உருண்டுகொண்டிருக்கும். மனிதரும் அப்படித்தான் சிக்கிக்கொள்கிறார். நீச்சல் தெரிந்தாலும் பயனில்லை, ஏனென்றால் நீந்துகிறவரை மேற்பரப்பு நீரே அணையை நோக்கி இழுக்கிறது. தண்ணீர் குறைவாக இருக்கும் நாளில் தடுப்பணை வெறும் படிக்கட்டாகத் தெரியும், பிள்ளைகள் அதன்மேல் நடப்பார்கள். சில ஆயிரம் கனஅடி கூடினால் அதே இடம் இந்தச் சுழலாகிவிடும். பார்வைக்குப் பெரிய வித்தியாசம் இருக்காது. கண்ணால் பார்த்து முடிவெடுக்க முடியாத இடத்தில் எண்ணைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

அப்படியானால் என்ன செய்யச் சொல்கிறேன்? ஒவ்வொரு கதவணையிலும் அடுத்த 24 மணி நேரத்துக்குத் திட்டமிட்டிருக்கும் திறப்பின் அளவை, மாற்றம் வந்தால் மாற்றத்தோடு, காலையிலும் மாலையிலும் பொதுவில் அறிவிக்க வேண்டும். முக்கியமான படித்துறைகளில் அளவுக்கம்பம் நட்டு, எந்த அளவு வரை குளிக்கலாம், எந்த அளவுக்கு மேல் ஆற்றில் இறங்கக் கூடாது என்று நிறம் பூச வேண்டும். கதவணைக்குப் போதிய தூரத்துக்கு முன்னாலேயே கரையேறும் துறையும், படகைச் சுமந்து போக ஒற்றையடிப் பாதையும், மறுபக்கம் இறங்கும் படியும் வேண்டும். புதிய கட்டுமானம் என்று பார்த்தால் இந்தக் கடைசி ஒன்றுதான், அதுவும் பத்துப் பன்னிரண்டு கல்படிகள். ஐரோப்பாவின் டான்யூப் ஆற்றில் 1956 முதல் ஆண்டுதோறும் நடக்கும் துடுப்புப் படகு நெடும்பயணம் இன்று ஜெர்மனியின் இங்கோல்ஸ்டாட்டில் புறப்பட்டுக் கருங்கடல் வரை 2,000 கிலோமீட்டருக்கு மேல் போகிறது. வழிநெடுக நீர்மின் அணைகளையும் பல நாடுகளின் எல்லைகளையும் கடக்கிறது. பக்கத்துக் கேரளத்தில் நிலம்பூரிலிருந்து பேப்பூர் வரை சாலியாற்றில் 68 கிலோமீட்டர் தூரத்தை மூன்று நாளில் துடுப்பு போட்டுக் கடக்கும் பயணம் நடக்கிறது; போகிற வழியில் ஆற்றுக் குப்பையை அள்ளுவதும் அதில் ஒரு பகுதி. காவிரி இவற்றை விடக் கடினமான ஆறு என்பது உண்மை. கடினம் கூடுதல் என்பதால்தான் திட்டமிடுதலும் கூடுதலாகத் தேவைப்படுகிறது.

விவசாயிகள் தரப்பில் எழக்கூடிய ஆட்சேபத்தை நான் மிகுந்த மரியாதையோடு அணுகுகிறேன். 2018 பிப்ரவரி 16 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் பிலிகுண்டுலுவில் தமிழ்நாட்டுக்கு உறுதி செய்தது ஆண்டுக்கு 177.25 டிஎம்சி. அதை மாதாமாதம் வாங்குவதற்கே காவிரி நீர் மேலாண்மை ஆணையத்தின் கூட்டங்களில் மன்றாட வேண்டியிருக்கிறது. கடைமடைக்குத் தண்ணீர் போகாத ஆண்டில் படகுச் சவாரியைப் பற்றிப் பேசுவது யாருக்கும் எரிச்சலாகத்தான் இருக்கும். அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் காலி என்னும் ஆற்றின் படகோட்டிகளுக்காகச் சம்மர்ஸ்வில் அணையிலிருந்து இலையுதிர் காலத்தில் தண்ணீர் திறக்க 1986இல் நாடாளுமன்றமே சட்டம் செய்தது. காவிரியில் அப்படியொன்றைக் கேட்பது நியாயமாகாது, நான் கேட்கவும் இல்லை. கயாக் ஒரு சாண் ஆழத்தில் மிதக்கும். பாசனத்துக்காக எப்படியும் ஓடப்போகிற தண்ணீரில் ஒரு சொட்டையும் அது குறைக்காது. முறைப் பாசனம் வைத்துக் காவிரிக்கும் வெண்ணாற்றுக்கும் மாற்றி மாற்றித் தண்ணீர் விடும் நாட்களில், படகுக்காரர்தான் கரையில் கூடாரம் போட்டுக் காத்திருக்க வேண்டும். அந்த முறை எந்த நாள் மாறுகிறது என்பதை முன்கூட்டியே சொன்னால் அதிகம் பயன்பெறப் போகிறவரும் கடைமடை விவசாயிதான். பாசனத்துக்குத் தண்ணீர் போதாத சில ஆண்டுகளில்கூட ஆடிப்பெருக்குக்காக மேட்டூரைத் தேதி சொல்லித் திறந்த அரசு இது. ஸ்ரீரங்கத்தின் அம்மா மண்டபம் படித்துறையில் கூடும் மக்களுக்காகத் தேதியை அறிவிக்க முடிந்தது என்றால், மற்ற நாட்களுக்கும் அறிவிப்பது நிர்வாகத்துக்குப் புதிய வித்தை அல்ல.

ஆற்றில் சாவுகள் போதாதா, இன்னும் ஆட்களை உள்ளே இறக்க வேண்டுமா என்று கேட்பவர்களின் கவலையும் நேர்மையானது. ஒவ்வொரு கோடையிலும் ஒவ்வொரு பண்டிகையிலும் குளிக்கப் போன பிள்ளைகள் மணல் பள்ளங்களில் சிக்கி இறந்த செய்தி வருகிறது. அதற்கு நாம் கொடுத்துவரும் ஒரே மருந்து தடை. தடைப் பலகையின் அடியிலேயே படிக்கட்டில் துணி காய்கிறது. ஆற்றங்கரையில் வாழ்கிறவர்களை ஆற்றிலிருந்து பலகையால் பிரிக்க முடியாது. தடையை விட நுட்பமான முறை நம்மிடமே இருக்கிறது. ஒகேனக்கல்லில் பிலிகுண்டுலு நீரளவைப் பார்த்துத்தான் மாவட்ட நிர்வாகம் பரிசலை அனுமதிக்கிறது, அளவு கூடினால் நிறுத்துகிறது, தணிந்ததும் மறுபடி திறக்கிறது. உயிர்காப்பு உடையும் அங்கே கட்டாயம். ஆண்டு முழுவதும் மூடிவைப்பதற்கும் எப்போதும் திறந்துவிடுவதற்கும் நடுவே எண்ணை வைத்து முடிவெடுக்கும் ஒரு வழி உண்டு என்பதற்கு ஒகேனக்கல் சாட்சி. மத்திய நீர் ஆணையத்தின் அளவீட்டு நிலையங்கள் கொடுமுடியிலும் முசிறியிலும் இருக்கின்றன. ஆற்றை அளக்கிறோம்; அளந்ததை ஆற்றங்கரைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கவில்லை.

இது வசதி படைத்த சிலரின் பொழுதுபோக்கு என்ற விமர்சனத்தில் பாதி உண்மை இருக்கிறது. நல்ல கயாக் விலை உயர்ந்தது, இரண்டு வார விடுப்பு எல்லாருக்கும் வாய்க்காது. ஆனால் காவிரியில் படகோடு இறங்குகிற முதல் ஆள் கயாக்காரர் அல்ல. மூங்கில் பிளாச்சைப் பின்னி, அடியில் தாரும் பிளாஸ்டிக் தாளும் வைத்துக் கட்டிய பரிசலில் தலைமுறை தலைமுறையாக மீன் பிடிப்பவர்கள் மேட்டூரிலிருந்து கீழே வரை இருக்கிறார்கள். அணையை எப்படிக் கடப்பது என்பதும் அவர்களுக்குத் தெரியும்: பரிசலைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு கரைவழியே நடந்துபோய் மறுபக்கம் இறங்குவார்கள். கயாக்குக்குக் கேட்கும் கரையேறு துறை அவர்களுக்குத்தான் முதலில் உதவும். நெடும்பயணம் போகிறவர்களுக்கு வழிகாட்டியாகப் போகத் தகுதி உள்ளவர்களும் அவர்கள்தான். ஒவ்வொரு கதவணைக்கும் இடைப்பட்ட நீரை அந்தந்த ஊர்ப் பரிசல்காரரை விட அறிந்தவர் யாருமில்லை. அணைகளின் பாதுகாப்பைப் பற்றிய கேள்விக்கும் இதிலேயே விடை இருக்கிறது. எங்கே கரையேறலாம் என்று ஓர் இடத்தைக் குறித்துக் கொடுத்தால், கதவணைக்கு அருகில் யாரும் போக வேண்டிய தேவை இராது.

சாயக்கழிவைச் சுட்டிக்காட்டி, இந்தத் தண்ணீரில் யார் இறங்குவார் என்று கேட்பவர்களுக்கு நான் மறுப்பு சொல்லப் போவதில்லை. பள்ளிப்பாளையம், ஈரோட்டுப் பகுதியின் சாயக்கழிவும், நொய்யல் கொண்டுவந்து சேர்ப்பதும், ஊர்களின் சாக்கடையும் காவிரியில் கலப்பது எல்லாரும் அறிந்தது. ஆனால் கழிவு எந்தக் குழாயிலிருந்து எந்த நேரத்தில் வருகிறது என்பதைப் பாலத்தின் மேலிருந்து பார்க்க முடியாது. ஆற்றோடு மெதுவாகப் போகிறவருக்கு அது தெரியும். சாலியாற்றில் துடுப்பு போடுகிறவர்கள் குப்பை அள்ளுவதைப் போல, காவிரியில் போகிறவர்கள் கழிவு விழும் இடங்களைக் குறித்துக்கொண்டு வந்தால் மாசுக்கட்டுப்பாட்டு வாரியத்துக்கு அது கூலியில்லாக் காவல்.

தொடங்குவதற்கு முழு ஆறும் தேவையில்லை. முக்கொம்பிலிருந்து கல்லணை வரை காவிரி வழியாக ஏறக்குறைய 30 கிலோமீட்டர். ஒரே மாவட்டத்து நிர்வாகமே பெரும்பகுதியைக் கவனிக்க முடியும், மின்வாரியக் கதவணை எதுவும் குறுக்கே இல்லை. முக்கொம்பு, கம்பரசம்பேட்டை, அம்மா மண்டபம், எதிர்க்கரையில் ஓடத்துறை, முடிவில் கல்லணை என்று ஐந்து இடத்தில் பலகையும் அளவுக்கம்பமும் வைத்தால் போதும். பருவத்தைக் கேட்டால் ஜனவரியைச் சொல்வேன். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்திருக்கும், மேற்கே வெள்ளம் வரும் காலம் எப்போதோ கழிந்திருக்கும், மேட்டூர் 28ஆம் தேதி வரை திறந்திருக்கும், வெயிலும் தாங்கக்கூடியது. இந்தத் துண்டு சரியாக அமைந்தால் அடுத்தது மாயனூர் முதல் முக்கொம்பு வரை. மின்வாரியத்தையும் உட்கார வைத்துப் பேசி மேட்டூர் வரை நீட்டுவது அதற்குப் பிறகு. இதற்கெல்லாம் புதிதாக ஒரு தகவலையும் திரட்ட வேண்டியதில்லை. பொறியாளரின் உத்தரவு இல்லாமல் முக்கொம்பில் எந்த மதகும் உயர்வதில்லை. தண்ணீருக்கு முன்னால் அந்த உத்தரவு பிறந்துவிடுகிறது. மதகை இயக்குபவருக்குப் போகும் அதே தகவலின் ஒரு படி அம்மா மண்டபத்துப் பலகைக்கும் போக வேண்டும் என்று நீர்வளத் துறையும் திருச்சி மாவட்ட ஆட்சியரும் வரும் ஜனவரிக்குள் சேர்ந்து ஆணை போடலாம்.